ஓய்வெடுத்தும் தீராத அசதி: நீண்டதூர ஓட்டக்காரர்கள் ஹார்மோன் சரிவைக் கண்டறிந்து மீள முழுமையான வழிகாட்டி

கடுமையான பயிற்சி வாரத்துக்குப் பிறகு ஓட்ட நேரம் கொஞ்சம் மோசமாவது இயல்பு. நான்கைந்து நாள் இலகுவாக ஓடினால் உடம்பு தேறி, முன்பைவிட ஒரு படி மேலே நிற்கும். இரண்டு வாரம் பயிற்சியைக் குறைத்தும் 10 கிலோமீட்டர் நேரம் மீளவில்லை, அலுத்துப் படுத்தும் தூக்கம் பிடிக்கவில்லை, வழக்கமான வேகத்திலேயே கால் கல்லாய்க் கனக்கிறது என்றால் அது வேறு கணக்கு. அந்த நிலைக்கு வந்தவர்களுக்கும் அவர்களின் பயிற்சியாளர்களுக்கும் வீட்டாருக்குமாக இதை எழுதுகிறோம்.

விளையாட்டு மருத்துவம் இந்த அசதியை மூன்று நிலையாகப் பிரிக்கிறது. சில நாளில் தீர்ந்து திறனைக் கூட்டுவது முதல் நிலை. வாரங்கள் முதல் சில மாதம் வரை இழுப்பது இரண்டாவது. பல மாதம் ஆகியும் தீராமல் தூக்கம், மனநிலை, ஹார்மோன் எல்லாவற்றையும் குலைப்பது மூன்றாவது. மிகைப்பயிற்சி நோய்க்குறி என்று சொல்லத் தகுந்தது இது ஒன்றுதான். இதற்கென்று தனி ரத்தப் பரிசோதனை கிடையாது. மற்ற காரணங்கள் ஒவ்வொன்றையும் விலக்கிய பிறகே இந்தப் பெயரை வைக்க முடியும். அப்படி விலக்கிக்கொண்டு போகையில் முதலில் அகப்படுவது பெரும்பாலும் சோற்றுத் தட்டுதான், அதாவது ஓட்டத்துக்குப் போதாத சாப்பாடு.

உள்ளே நடப்பது என்ன

ஓட்டத்துக்குச் செலவானது போக மிஞ்சும் சக்தியில்தான் இதயம், மூளை, எலும்பு, இனப்பெருக்கம் எல்லாம் நடக்கவேண்டும். மிச்சம் குறையும்போது ஹார்மோன்களை ஆளும் மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸ் சிக்கனத்தைத் தொடங்குகிறது. உயிர்பிழைக்க உடனடியாகத் தேவையில்லாதவை முதலில் அடங்கும். இனப்பெருக்கச் சுரப்பிகளை இயக்கும் எல்.எச். ஹார்மோன் விட்டுவிட்டுச் சுரக்கும் துடிப்பு தளர்கிறது. பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் இறங்கி மாதவிலக்கு தள்ளிப்போய் பிறகு நிற்கிறது. ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோன் இறங்குகிறது. தைராய்டு ஹார்மோனான டி3, கொழுப்பு இருப்பை மூளைக்குச் சொல்லும் லெப்டின், வளர்ச்சிக்கான ஐ.ஜி.எஃப்-1 குறைகின்றன, அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் ஏறுகிறது. வளர்ந்த ஆரோக்கியமான பெண்களிடம் நடத்திய ஆய்விலேயே, ஐந்து நாள் சக்திக் குறைவு எல்.எச். துடிப்பைக் குலைக்கப் போதுமானதாக இருந்தது.

1992-ல் இதைப் பெண் வீரர்களின் முக்கூட்டுச் சிக்கல் என்று அழைத்தார்கள்: உண்ணும் முறைக் கோளாறு, மாதவிலக்கு நிற்பது, எலும்புத் தேய்வு. ஆண்களுக்கும் இது உண்டு, பாதிப்பு மூன்றோடு நிற்பதில்லை என்று தெளிவானதும் சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-ல் இதற்கு 'ரெட்-எஸ்' (விளையாட்டில் ஒப்பீட்டுச் சக்திக் குறைவு) என்று பெயரிட்டது; 2023-ல் அந்த வழிகாட்டுதலைப் புதுப்பித்தது. காங்கேயம் காளைக்குத் தீவனத்தைக் குறைத்துவிட்டு உழவைக் கூட்ட எந்தக் குடியானவரும் துணியமாட்டார். ஓட்டக்காரருக்கு மட்டும் அதைக் கட்டுப்பாடு என்று பாராட்டுகிறோம்.

படி 1: ஏழு நாள் குறிப்பு

டாக்டரிடம் போகும் முன் ஒரு வாரம் குறிப்பெடுங்கள். கண் விழித்ததும், எழுந்து நிற்கும் முன்பே நாடித்துடிப்பை ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். தூங்கிய மணி, காலை எடை, மனநிலைக்கு 10-க்கு ஒரு மதிப்பெண், தின்றது குடித்தது அத்தனையும் அளவோடு. கடலை மிட்டாய் ஒன்றைக்கூட விடவேண்டாம்.

காலை நாடி வழக்கத்தைவிட 5 துடிப்புக்கு மேல் மூன்று நாள் தொடர்ந்து கூடினால் எச்சரிக்கை. ஆனால் நாடி கூடவில்லை என்பதால் நிம்மதி அடையவும் கூடாது. நீண்டதூரக்காரர்களிடம் அசதி முற்றும்போது ஓய்வு நாடி தாழ்ந்தே இருக்கலாம். வேக ஓட்டத்தில் எவ்வளவு முக்கினாலும் துடிப்பு மேலே ஏறாது. வழக்கமாக 180 தொடும் இடத்தில் 168-லேயே மூச்சு முட்டி நின்றுவிடும். கைக்கடிகாரம் காட்டும் அந்தத் தாழ்ந்த எண்ணை உடற்தகுதி கூடியதாகப் படிப்பதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு.

கேட்கவேண்டிய ஆனால் யாரும் கேட்காத கேள்விகள் இரண்டு. பெண்ணிடம்: மாதவிலக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது? 35 நாளைத் தாண்டிக்கொண்டே போனால் கவனிக்கவேண்டும். மூன்று மாதம் வரவேயில்லை என்றாலோ, 15 வயது ஆகியும் பூப்படையவில்லை என்றாலோ மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும். 'ஓடுற பொண்ணுக்கு அப்படித்தான் இருக்கும்' என்று வீட்டில் சொல்வதை ஏற்காதீர்கள். ஆண் பயிற்சியாளரிடம் இதைப் பேசக் கூச்சமாக இருந்தால், குழுவில் மூத்த அக்கா ஒருவர் "அம்மணி, மாசாமாசம் சரியா வருதா?" என்று கேட்டு எழுதிவைக்கும் ஏற்பாடு போதும். ஆணிடம்: காலையில் இயல்பாக வரும் விறைப்பு குறைந்துவிட்டதா, தாம்பத்திய நாட்டம் தளர்ந்ததா? இது வாரக்கணக்கில் நீடித்தால் டெஸ்டோஸ்டிரோன் சரிந்ததன் முதல் அடையாளமாக இருக்கலாம்.

படி 2: சோற்றுக் கணக்கு

எடையிலிருந்து கொழுப்பைக் கழித்தால் கிடைப்பது கொழுப்பற்ற எடை. தின்ற கலோரியிலிருந்து பயிற்சிக்குச் செலவானதைக் கழித்து, அதைக் கொழுப்பற்ற எடையால் வகுத்தால் மிச்ச சக்தி தெரியும். ஒரு கிலோவுக்கு 45 கிலோ கலோரி இருந்தால் உடம்பு நிம்மதியாக நடக்கும். 30-க்குக் கீழே ஹார்மோன் குலைவு எதிர்பார்க்கத் தக்கது. 30 என்பது சுவர்போல எல்லாருக்கும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. சிலருக்கு அதற்கு மேலேயே குலையும்.

ஓடும் செலவு தோராயமாக கிலோமீட்டருக்கு, உடல் எடை கிலோவுக்கு ஒரு கிலோ கலோரி. 48 கிலோ எடை, 18 சதவீதக் கொழுப்பு உள்ள பெண்ணை எடுத்துக்கொள்வோம். கொழுப்பற்ற எடை 39.4 கிலோ. நாள் உணவு 1,900 கிலோ கலோரி. 14 கிலோமீட்டர் ஓடும் நாளில் செலவு 672; மிச்சம் 1,228; வகுத்தால் 31. விளிம்பில் நிற்கிறார். ஞாயிறு 22 கிலோமீட்டர் ஓடி அதே சோற்றைத் தின்றால் 21-க்கு விழுகிறார். 45-க்கு வர 14 கிலோமீட்டர் நாளிலேயே ஏறக்குறைய 2,450 வேண்டும், அதாவது 550 கூடுதல். தட்டில் அது எவ்வளவு என்றால் 50 கிராம் நிலக்கடலை, இரண்டு நாமக்கல் முட்டை, ஒரு நேந்திரம்பழம். அவ்வளவுதான். இத்தனை சிறிய பள்ளம் மாதக்கணக்கில் நிரப்பப்படாமல் கிடப்பதால்தான் எலும்பு வரை போகிறது.

எடை குறையவில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. உடம்பு சிக்கனத்துக்குப் பழகியதும் எடை நிலைத்து நின்றுவிடும். எடைத் தராசை நம்பி இந்தச் சிக்கலை விலக்கமுடியாது.

நம் ஊர்ச் சாப்பாட்டில் எங்கே தவறுகிறது

கம்பங்கூழும் ராகிக்களியும் நல்ல உணவுகள். 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. ஆனால் வாரம் 120 கிலோமீட்டர் ஓடுகிறவர் மூன்று வேளையும் இவற்றையே நம்பினால் நார்ச்சத்தும் தண்ணீரும் வயிற்றை நிரப்பிவிடும், கலோரி போதாது. ஒரு டம்ளர் கூழில் மாவு 30 கிராம்தான் இருக்கும். கிடைப்பது 110 கிலோ கலோரி. பயிற்சிக்கு முன்னும் பின்னும் அரிசியே சரி என்பது எங்கள் உறுதியான கருத்து. அரிசிம்பருப்புச் சாதத்தில் நெய்யும் பக்கத்தில் முட்டையும் சேர்ந்தால் ஓட்டக்காரருக்கு அதைவிடப் பொருத்தமான காலைச் சாப்பாடு கண்டுபிடிப்பது கடினம். களியை இரவுக்கோ ஓய்வு நாளுக்கோ வைத்துக்கொள்ளுங்கள். கொள்ளு ரசம் கொழுப்பைக் கரைக்கும் என்று பட்டினியோடு சேர்த்துக் குடிப்பதை நிறுத்துங்கள்.

இரண்டாவது தவறு நேரம். நாலரைக்கு எழுந்து வரக்காப்பி மட்டும் குடித்து 18 கிலோமீட்டர் ஓடி, குளித்து, பஸ் பிடித்து, ஒன்பதரைக்குத்தான் முதல் வாய் சோறு. நாள் மொத்தக் கணக்கு சரியாக இருந்தாலும் இந்த ஐந்து மணி நேரப் பள்ளமே கார்ட்டிசாலை ஏற்றுகிறது. ஓடுமுன் ஒரு பூவன் பழமும் இரண்டு பேரீச்சையும்; ஓடி முடித்து அரை மணிக்குள் பாலும் இரண்டு கடலை உருண்டையும்; பிறகு வீட்டுச் சாப்பாடு. 90 நிமிடத்தைத் தாண்டும் ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் 60 கிராம் நாட்டுச்சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு, அரை எலுமிச்சை கலந்தால் அது கையில் இருக்கும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் போவது சோடியம். எனவே இளநீரை மட்டும் நம்பவேண்டாம்.

மூன்றாவது, விரதம். புரட்டாசிச் சனி, சஷ்டி, மாரியம்மனுக்குக் கம்பம் நட்டபின் இருக்கும் ஒருபொழுது எல்லாம் நம் வாழ்வில் உள்ளவை, விடச்சொல்லவில்லை. அந்த நாட்களில் வேக ஓட்டத்தையும் நெடு ஓட்டத்தையும் வைக்காதீர்கள். தைப்பூசத்துக்குக் கோவையிலிருந்து பழனிக்கு நடப்பது 100 கிலோமீட்டருக்கு மேல். அதைப் பயிற்சிக் கணக்கில் எழுதி, முன்னும் பின்னும் ஒவ்வொரு வாரம் ஓட்டத்தைப் பாதியாக்குங்கள். நடந்து வந்த மறுநாளே தடகளத்தில் இறங்குவது கூடாது.

படி 3: ரத்தப் பரிசோதனை

'மாஸ்டர் ஹெல்த் செக்கப்' பட்டியலில் இங்கே வேண்டியவை பாதிகூட இராது. கேட்டு வாங்கவேண்டியவை: முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பு), கூடவே சி.ஆர்.பி. (அழற்சியின் அளவு), வைட்டமின் டி, பி12, தைராய்டுக்கு டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4, டி3, வெறும்வயிற்றுச் சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல், சி.கே. (தசைச் சிதைவின் அளவு). ஆணுக்கு மொத்த டெஸ்டோஸ்டிரோன், அதைச் சுமக்கும் புரதமான எஸ்.எச்.பி.ஜி., எல்.எச்., எஃப்.எஸ்.எச். பெண்ணுக்கு எல்.எச்., எஃப்.எஸ்.எச்., எஸ்ட்ராடியால், புரோலாக்டின், டெஸ்டோஸ்டிரோன். மாதவிலக்கு நின்றிருந்தால் எல்லாவற்றுக்கும் முன் கர்ப்பப் பரிசோதனை. காய்ச்சல், இருமல், எடை இழப்பு இருந்தால் காசநோயையும் டைஃபாய்டையும் விலக்கவேண்டும்.

ரத்தம் கொடுக்கும் முறையில் பிழை வந்தால் முடிவு வீண். காலை 7 முதல் 9 மணிக்குள், வெறும்வயிற்றில். டெஸ்டோஸ்டிரோனும் கார்ட்டிசாலும் காலையில் உச்சத்தில் இருந்து பிறகு இறங்குபவை. அதற்கு முந்தைய 48 மணி நேரம் கடும் ஓட்டம் வேண்டாம், ஓடியிருந்தால் சி.கே. எகிறிக் கிடக்கும், டெஸ்டோஸ்டிரோன் தாழ்ந்து காட்டும். முடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள், அது தைராய்டு உள்ளிட்ட ஹார்மோன் எண்களைத் திரித்துவிடும். மாதவிலக்கு வருகிற பெண்கள் 2 முதல் 5-ஆம் நாளுக்குள் கொடுக்கவேண்டும். டெஸ்டோஸ்டிரோன் தாழ்ந்திருந்தால் வேறொரு காலையில் மீண்டும் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்.

படிக்கும்போது தவறுவது இங்கேதான். ஆய்வக அச்சில் ஃபெரிட்டின் 15 இருந்தாலும் 'நார்மல்' என்று வரலாம். ஓட்டக்காரருக்கு 35 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் இரும்பு போதவில்லை என்றே கொள்ளவேண்டும். சி.ஆர்.பி. உயர்ந்திருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும். டி3 தாழ்ந்து, டி.எஸ்.எச். சரியாக இருந்தால் அது பெரும்பாலும் பட்டினிச் சிக்கனம். அதற்குத் தைராய்டு மாத்திரை கொடுத்தால் உடம்பு இருக்கும் கொஞ்சத்தையும் எரித்துவிடும். டெஸ்டோஸ்டிரோனுக்கும் கார்ட்டிசாலுக்குமான விகிதத்தை வைத்து மிகைப்பயிற்சியைக் கண்டுபிடிக்கலாம் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். தனி ஆளிடம் அது நம்பத்தக்கதாக இல்லை.

மாதவிலக்கு நின்ற ஓட்டப் பெண்ணை ஸ்கேன் பார்த்ததும் பி.சி.ஓ.டி. (சினைப்பை நீர்க்கட்டி) என்று முடிவு கட்டுவதை விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இங்கே சிகிச்சையே எதிர்த் திசையில் போய்விடுகிறது. சக்திக் குறைவால் மாதவிலக்கு நின்றவரின் சினைப்பையிலும் ஸ்கேனில் பல நுண்கட்டிகள் தெரியலாம். பி.சி.ஓ.டி. என்றால் எடையைக் குறை, இனிப்பை விடு, இன்னும் உடற்பயிற்சி செய் என்று அறிவுரை வரும். ஏற்கெனவே பட்டினியில் இருக்கும் பெண்ணுக்கு அது கேடு. எல்.எச்.-ம் எஸ்ட்ராடியாலும் தாழ்ந்து, கருப்பை உட்சவ்வு மெலிந்து, முகப்பருவோ மிகை ரோமமோ இல்லாமல், ஓட்டத் தூரம் கூடிய காலத்தில் நின்றிருந்தால் ஹைப்போதலாமஸ் காரணத்தை முதலில் நினைக்கச் சொல்லிக் கேளுங்கள். பயிற்சிக் குறிப்பையும் சாப்பாட்டுக் குறிப்பையும் எடுத்துப் போவது இதற்குத்தான்.

மாதவிலக்கு ஆறு மாதம் நின்றிருந்தாலோ எலும்பில் விரிசல் வந்திருந்தாலோ எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்கவேண்டும். தரையில் மோதி ஓடுபவர்களுக்கு எலும்பு சராசரியைவிடக் கெட்டியாக இருக்கவேண்டும். ஆகவே அந்த ஸ்கேனின் இசட் மதிப்பு (அதே வயதினரின் சராசரியோடு ஒப்பிட்ட எண்) -1-க்குக் கீழே போனாலே விசாரிக்கவேண்டிய அறிகுறி. இடுப்பு மடிப்பில் வலி, ஒற்றைக் காலில் குதித்தால் குத்துகிறது என்றால் அன்றே ஓட்டத்தை நிறுத்துங்கள். தொடை எலும்புக் கழுத்தின் விரிசல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. வேண்டும்.

படி 4: மாத்திரை, ஊசி பற்றி

டெஸ்டோஸ்டிரோன் ஊசி, அதே வகையைச் சேர்ந்த டி.எச்.இ.ஏ., நான்ட்ரோலோன் எல்லாம் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தடைப்பட்டியலில் எப்போதும் உள்ளவை. பலருக்குத் தெரியாதது, ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஏற்றவும் பெண்ணுக்குக் கருமுட்டை வெளிவரவும் எழுதித் தரப்படும் குளோமிஃபீன், லெட்ரோசோல் இரண்டும் தடைசெய்யப்பட்டவையே. டாக்டர் சீட்டு மட்டும் இருந்தால் தப்பமுடியாது. போட்டியில் ஓடுபவர் என்பதை முதல் வரியிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

கருத்தடை மாத்திரை கொடுத்து 'மாதவிலக்கு வந்துவிட்டது' என்று நிறைவடையவும் கூடாது. அது மாத்திரை நிறுத்தும்போது வரும் ரத்தம். உள்ளே எதுவும் மீளவில்லை, எலும்புக்கும் காப்பு இல்லை, எச்சரிக்கை மணி மட்டும் அணைந்துவிட்டது. உணவும் ஓய்வும் மாதக்கணக்கில் சரியாகக் கொடுத்தும் வராவிட்டால் தோலில் ஒட்டும் எஸ்ட்ராடியால் பட்டையும் சுழற்சியாகப் புரோஜெஸ்டிரோனும் குறுகிய காலத்துக்குத் தரலாம். அதை நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் முடிவு செய்யவேண்டும்.

இரும்பு மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள், காலையில், எலுமிச்சைச் சாறோடு எடுத்தால் உறிஞ்சல் நன்றாக இருக்கும். ஓடி முடித்த 3 முதல் 6 மணி நேரத்தில் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி இரும்பின் வழியை அடைக்கும். ஆகவே ஓடிய அரை மணிக்குள் எடுங்கள். டீ, காப்பி ஒரு மணி நேரமாவது தள்ளி. எட்டு வாரம் கழித்து ஃபெரிட்டினைத் திரும்பப் பாருங்கள்.

படி 5: பயிற்சியின் ஏற்ற இறக்கம்

ஒவ்வொரு பயிற்சிக்கும் கடுமையை 10-க்கு மதிப்பிட்டு, நிமிடங்களால் பெருக்குங்கள். 60 நிமிடம், கடுமை 5 என்றால் 300. ஏழு நாள் சராசரியைத் திட்ட விலக்கத்தால் (நாளுக்கு நாள் எவ்வளவு மாறுகிறது என்ற அளவு) வகுத்தால் சலிப்பு அளவு வரும், 2-ஐத் தாண்டக்கூடாது. திங்கள் முதல் 300, 600, 200, 560, 0, 250, 770 என்று ஓடினால் வார மொத்தம் 2,680, சலிப்பு அளவு 1.5. அதே 2,680-ஐ 400, 420, 380, 410, 390, 400, 280 என்று ஓடினால் அளவு 8-ஐத் தாண்டும். தினமும் நடுத்தரக் கடுமையில் ஓடுகிறவர்கள் இப்படித்தான் தேய்கிறார்கள். இலகு நாள் என்றால் பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடியவேண்டும்.

ஆடிக்காற்று வீசும் மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் எதிர்க்காற்றில், பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் கடிகார வேகத்தைத் துரத்தாதீர்கள். கடுமையை வைத்து ஓடுங்கள். சித்திரை வைகாசியில் ஈரோடு, கரூர் வெயிலில் அதே தூரம் கூடுதல் சுமை. பனியன் கம்பெனியில் இரவு ஷிப்ட் பார்த்து விடியலில் ஓடுபவர்களுக்கு அந்த வாரம் வேக ஓட்டமே வேண்டாம். அசதியோடு ஊட்டிக்குப் போய்த் தேறிவிடலாம் என்பதும் தவறு. 2,240 மீட்டர் உயரத்தில் பசி மட்டுப்படும், சக்தித் தேவை கூடும். ஃபெரிட்டினை ஆறு வாரம் முன்பே சரிசெய்து, தெம்பாக இருக்கும்போது போங்கள். முதல் வாரம் இலகு ஓட்டம் மட்டும்.

படி 6: மீண்டு வருதல்

முதல் இரண்டு வாரம் ஓட்டமே கிடையாது. ஓட்டத்துக்குப் பதில் சைக்கிள், நீச்சல் என்று அதே கலோரியை எரிப்பவர்கள் இந்த இரண்டு வாரத்தை வீணாக்குகிறார்கள். 20, 30 நிமிட நடை போதும். நாளுக்கு 300 முதல் 600 கிலோ கலோரி கூடுதல் உணவு, எட்டு ஒன்பது மணித் தூக்கம். எடை ஓரிரு கிலோ ஏறும், ஏறவேண்டும்.

தூக்கமும் காலை நாடியும் மனநிலையும் ஒரு வாரம் தொடர்ந்து சீராக இருந்தால் மூன்றாவது, நான்காவது வாரத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் 20 முதல் 30 நிமிடம், பேசக்கூடிய வேகத்தில். ஐந்து முதல் எட்டாம் வாரம் வரை முதலில் நாட்களைக் கூட்டுங்கள், பிறகு நிமிடங்களை. பழைய வாரத் தூரத்தில் பாதியைத் தாண்டவேண்டாம். ஒன்பதாம் வாரத்தில் ஓட்டத்தின் முடிவில் 80 மீட்டர் விரைவு ஓட்டம் நான்கைந்து. அது ஒத்துக்கொண்டால் வாரத்துக்கு ஒரு வேக ஓட்டம். எந்த இடத்திலும் மூன்று நாள் தொடர்ந்து நாடி கூடினாலோ தூக்கம் கெட்டாலோ ஒரு படி பின்னே வந்து ஒரு வாரம் நில்லுங்கள். இந்த அட்டவணை இரண்டாவது நிலைக்குப் பொருந்தும். மூன்றாவது நிலையில் இருப்பவர்களுக்கு ஒவ்வொரு படியும் இரண்டு மூன்று மடங்கு நீளும். 2023 வழிகாட்டுதலின் நான்கு நிற அளவுகோலில் சிவப்பில் இருப்பவர் போட்டியில் இறங்கவே கூடாது. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எது என்பதை விளையாட்டு மருத்துவர் முடிவு செய்வார்.

சக்தி நிலை நாட்களிலோ வாரங்களிலோ திரும்பும். மாதவிலக்கு திரும்ப மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேலே. எலும்பு அடர்த்திக்கு வருடங்கள். மூன்றாம் மாதத்தில் கால் லேசாகி வேகம் வந்துவிட்டது என்று சாப்பாட்டைப் பழைய அளவுக்கு இறக்கினால் அதே பள்ளத்தில் விழுவீர்கள். மாநிலப் போட்டி நெருங்குகிறது என்றால் அந்தப் பருவத்தை விட்டுக்கொடுங்கள். மாதவிலக்கு மூன்று சுழற்சி சீராக வந்த பிறகோ, ஆணுக்கு இரண்டு காலைப் பரிசோதனைகளில் டெஸ்டோஸ்டிரோன் மீண்ட பிறகோ முழுத் தூரத்துக்குப் போங்கள். அதுவரை ஞாயிறு நெடு ஓட்டம் 90 நிமிடத்துக்குள் நிற்கட்டும்.